போணி பில்லும் எட்டு மணி நேரமும்: ஜாவாவில் தரவுத்தளப் பிழைகளைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முந்திரிப் பருப்புக் கடை. அதற்குப் புதுச்சேரியில் ஒரு கிளை. இரண்டுக்கும் பில் போடும் மென்பொருளை எழுதியவன் நான். மாதக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர் ஒருநாள் கேட்டார்: “தினமும் காலையில் ஒரு ரூபாய்க்கு ஒரு பில் போட்டு உடனே ரத்து செய்கிறீர்களே, எதற்கு?” ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எத்தனை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்பதையும் காட்ட வேண்டும். 26 நாள் வியாபாரத்துக்கு 26 ரத்து என்றால் யாருக்கும் உறுத்தத்தானே செய்யும்.

கல்லாவில் இருந்த அக்கா சொன்ன பதில் என்னைத் தலைகுனிய வைத்தது. “காலையில் முதல் பில் எப்போதும் மாட்டிக்கொள்ளும் தம்பி. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்தினால் விழுந்துவிடும். வாடிக்கையாளர் எதிரில் அப்படி ஆனால் போணி கெட்டுப்போகும் இல்லையா? அதனால் நாங்களே ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு ரத்து செய்கிறோம்.”

இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்து, காலை ஒன்பதுக்குத் திறக்கிறார்கள். நடுவில் பதினொன்றரை மணி நேரம். பில்களைச் சேமிக்கும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல், தன் இயல்பான அமைப்பில், 28,800 விநாடி சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். கணக்குப் போட்டால் சரியாக எட்டு மணி நேரம். காலையில் என் நிரல் கையில் வைத்திருந்தது செத்துப்போன இணைப்பு. முதல் அழுத்தலில் பிழை வந்தது; நிரல் புது இணைப்பைத் திறந்துகொண்டது; இரண்டாவது அழுத்தல் வேலை செய்தது. பிழை வந்ததே ஏன் யாருக்கும் தெரியவில்லை? பிழையைப் பிடித்துக் கையாள வேண்டிய என் கேட்ச் பகுதியில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது: “பிறகு பார்க்கலாம்.”

அந்த ஒரு வரியைத் திருத்தப் போய் மொத்த நிரலையும் திருத்த வேண்டியதாயிற்று. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். ஜாவாவின் கட்டளைகளை அப்படியே எடுத்து ஒட்ட முடியாதபடி, வழிமுறையாகவே எழுதியிருக்கிறேன். நீங்களே தட்டச்சு செய்தால்தான் எந்த வரி எதற்கு என்பது மனத்தில் பதியும்.

முதல் படி: பிழை கொண்டுவருவதை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள்

ஜாவாவில் தரவுத்தளத்துடன் பேசும் ஜேடிபிசி 1997இல் ஜேடிகே 1.1 உடன் வந்தது. அன்றிலிருந்து அதன் எல்லாப் பிழைகளுக்கும் தாய் கிளாஸ் எஸ்கியூஎல்எக்ஸெப்ஷன். பலர் அதிலிருந்து செய்தி வரியை மட்டும் எடுத்து அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பொருளுக்குள் நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, செய்தி. இது மனிதர் படிப்பதற்கு. இதில் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து நிரலில் முடிவெடுக்காதீர்கள். சர்வரின் மொழியை மாற்றினாலோ, பதிப்பு உயர்ந்தாலோ வாக்கியம் மாறிவிடும்.

இரண்டு, எஸ்கியூஎல்ஸ்டேட். ஐந்து எழுத்துக் குறியீடு. முதல் இரண்டு எழுத்து எந்த வகைப் பிழை என்று சொல்லும். மீதி மூன்று, அந்த வகைக்குள் எது என்று சொல்லும். 08 என்றால் இணைப்புச் சிக்கல். 22 என்றால் கொடுத்த தரவே சரியில்லை. 23 என்றால் அட்டவணையின் கட்டுப்பாடு மீறப்பட்டது. 28 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல் தகராறு. 40 என்றால் பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாக நடக்க வேண்டிய கட்டளைத் தொகுப்பை, தரவுத்தளமே திருப்பிவிட்டது. 42 என்றால் நீங்கள் எழுதிய கட்டளையில் தவறு, அல்லது அதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. இந்த ஆறும் கைவசம் இருந்தால் அன்றாடப் பிழைகளில் பெரும்பகுதியை இனம் காணலாம்.

மூன்று, பிழை எண். இது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரே பில் எண்ணை இரண்டு முறை நுழைத்தால் மைஎஸ்கியூஎல் 1062 என்ற எண்ணையும் 23000 என்ற எஸ்கியூஎல்ஸ்டேட்டையும் தரும். அதே தவறுக்கு, இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் 23505 என்ற எஸ்கியூஎல்ஸ்டேட்டைத் தரும்.

நான்கு, அடுத்த பிழை. ஒரு பிழையின் பின்னால் இன்னொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கலாம். நூறு பில்களை ஒரே கட்டாகப் போஸ்ட்கிரஸுக்கு அனுப்பி அதில் ஒன்று தவறினால், மேலே தெரியும் பிழையைவிட அதன் அடுத்த கண்ணியில்தான் உண்மையான காரணம் இருக்கும். ஜாவா 6இலிருந்து இந்தச் சங்கிலியை ஃபார் சுழலிலேயே நடந்து பார்க்கலாம். கட்டாக அனுப்பும்போது வரும் பேட்ச்அப்டேட்எக்ஸெப்ஷனில், எத்தனை வரிகள் நுழைந்தன என்ற பட்டியலும் கிடைக்கும்.

முதல் வேலையாக ஒரு சின்ன மெத்தட் எழுதுங்கள். எஸ்கியூஎல்எக்ஸெப்ஷனை வாங்கி, சங்கிலி முடியும்வரை போய், ஒவ்வொன்றின் எஸ்கியூஎல்ஸ்டேட், எண், செய்தி மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இருபது வரிகூட வராது. இதைச் செய்யாமல் கீழே எதையும் படித்துப் பயனில்லை.

இரண்டாம் படி: யார் அசைய வேண்டும்?

பாடப்புத்தகங்கள் பிழைகளைத் தொழில்நுட்ப வகையாகப் பிரிக்கும். கடையில் உட்கார்ந்து பார்த்தபின் நான் வேறு விதமாகப் பிரிக்கிறேன்: இந்தப் பிழை தீர யார் அசைய வேண்டும்? நான்கு பேர்தான் இருக்கிறார்கள். கல்லாவில் இருப்பவர், நிரல், சர்வரைப் பார்த்துக்கொள்பவர், நான்.

கல்லாவில் இருப்பவர் திருத்த வேண்டியது பெரும்பாலும் 23, 22 வகை. ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் எண்ணை மறுபடி நுழைக்கிறார். விலையைக் காலியாக விடுகிறார். இங்கே அவருக்குப் புரியும் ஒரு வாக்கியத்தைக் காட்டினால் போதும், வேலை முடிந்தது. ஆனால் எல்லா 23உம் அவர் தவறு அல்ல. இல்லாத கிளை எண்ணுக்குப் பில் போடுகிறது என்று மைஎஸ்கியூஎல் 1452 எறிந்தால், கிளை எண்ணைத் திரையில் அவர் தட்டச்சு செய்வதே இல்லை, நிரல்தான் நிரப்புகிறது. அது என் தவறு. எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்று பெயரைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்காகவே அட்டவணை உருவாக்கும்போது ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் நீங்களே பெயர் வையுங்கள். தரவுத்தளம் தானாக வைக்கும் பெயர் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

தமிழில் பெயர் எழுதும் நமக்கு இந்த வகையில் தனி அனுபவம் உண்டு. பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகள், தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்-1 எழுத்துத் தொகுப்பில் இருக்கும். “பண்ருட்டி” என்று நுழைத்தால் 1366 என்ற பிழை, சில அமைப்புகளில் பிழையே இல்லாமல் வரிசையாகக் கேள்விக்குறிகள். பிழை வருவது எவ்வளவோ மேல். கேள்விக்குறியாகிவிட்ட பெயரை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. 8.0 பதிப்பிலிருந்து, தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 தொகுப்பு இயல்பாக வருகிறது என்பதால் புது அட்டவணைகளுக்குக் கவலை இல்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தில் வேறு கண்ணி. அங்கே எழுத்துப் புலத்தின் நீளம் இயல்பாகப் பைட்டில் அளக்கப்படுகிறது. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். “கடலூர்” 6 குறியீடு, 18 பைட். “புதுச்சேரி” 10 குறியீடு, 30 பைட். ஊர்ப் பெயருக்கு 20 இடம் போதாதா என்று நினைத்து அமைத்தால் கடலூர் நுழையும், புதுச்சேரி 12899 என்ற பிழையோடு வாசலிலேயே நிற்கும். “கடலூர்க்காரர்களுக்கு மட்டும் பில் விழுகிறது” என்ற புகார் வந்தால் எங்கே தேடுவது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

நிரல் தானே சரிசெய்துகொள்ள வேண்டியது 40 வகை. 08 வகையில் ஒரு பகுதி. இவை மறுபடி முயன்றால் தீரக்கூடியவை. ஐந்தாம் படி முழுக்க இவற்றைப் பற்றித்தான்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அசைய வேண்டியவை: கடவுச்சொல் மாறியது, வட்டு நிறைந்தது, இணைப்புகள் தீர்ந்தன. மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 151 இணைப்பு, போஸ்ட்கிரஸில் 100. அதற்கு மேல் போனால் முன்னது 1040, பின்னது 53300. சிறிய கடையில் நூறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். மூடாமல் விட்ட இணைப்புகள் இருக்கிறார்களே.

என்னுடையவை: 42 முழுதும். அட்டவணைப் பெயர் தவறு, காற்புள்ளி இல்லை. இவற்றை மறுபடி முயன்று ஒரு பயனும் இல்லை. நூறு முறை முயன்றாலும் அதே காற்புள்ளிதான் இருக்காது.

2006இல் ஜாவா 6 உடன் வந்த ஜேடிபிசி 4.0 இந்தப் பிரிவினையைக் கிளாஸ்களாகவே செய்து கொடுத்தது. எஸ்கியூஎல்ட்ரான்சியன்ட்எக்ஸெப்ஷன் என்றால் மறுபடி முயலலாம். எஸ்கியூஎல்நான்ட்ரான்சியன்ட்எக்ஸெப்ஷன் என்றால் காரணத்தைத் திருத்தாமல் முயல வேண்டாம். எஸ்கியூஎல்ரெக்கவரபிள்எக்ஸெப்ஷன் என்றால் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து பரிவர்த்தனையைத் தொடக்கத்திலிருந்து செய். கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் ஜாவாவையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் டிரைவர்கள் எல்லாமே இதைப் பின்பற்றுவதில்லை. போஸ்ட்கிரஸ் டிரைவர் தரும் பிஎஸ்கியூஎல்எக்ஸெப்ஷன், நேராகத் தாய் கிளாஸிலிருந்தே பிறக்கிறது. இந்த உட்பிரிவுகள் எதிலும் சேராது. கிளாஸ் பெயரை நம்பி எழுதிய கேட்ச் பகுதி அங்கே ஒருபோதும் இயங்காது. அதனால் எஸ்கியூஎல்ஸ்டேட்டின் முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பதை அடிப்படையாக வையுங்கள். கிளாஸைப் பார்ப்பது கூடுதல் உதவி.

மூன்றாம் படி: திறந்ததை மூடுங்கள்

இணைப்பு, கட்டளைப் பொருள், விடைத் தொகுப்பு மூன்றையும் டிரை என்ற சொல்லை ஒட்டிய அடைப்புக்குள் திறங்கள். 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த வசதி இது. பிழை வந்தாலும் வராவிட்டாலும், திறந்த வரிசைக்குத் தலைகீழாகத் தானே மூடிவிடும். மூடும்போது வரும் பிழை முதல் பிழையை மறைக்காமல் அதனோடு இணைக்கப்படும். ஃபைனலி பகுதியில் கையால் மூடிக்கொண்டிருந்த காலத்தில், மூடும்போது வந்த பிழை உண்மைக் காரணத்தை விழுங்கிய கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவை இப்போது வேண்டாம்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும்? இணைப்புகளைத் திறந்து வைத்து, கேட்கும்போது கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இணைப்புப் பூல் (ஹிகாரிசிபி போன்றது) வைத்திருந்தால் அதில் இயல்பாக 10 இணைப்பு. பத்தும் வெளியே போய்த் திரும்பாவிட்டால், பதினொன்றாவதாகக் கேட்பவர் 30 விநாடி காத்திருந்து பிழை வாங்குவார். உடனே பூலின் அளவை 50 ஆக்குவது எளிது. ஒழுகும் குடத்துக்குப் பெரிய குடம் வாங்குவது போல. கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு அந்தப் பூலிலேயே இருக்கிறது. ஒரு இணைப்பு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால், எந்த வரியில் வாங்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதும். இயல்பாக அணைந்திருக்கும், முதலில் அதை இயக்குங்கள்.

நான்காம் படி: பரிவர்த்தனை, அல்லது 40 டின் எங்கே போனது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு முந்திரி அனுப்புவது ஒரே முதலாளியின் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. இரண்டும் தனித்தனிப் பதிவு. ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லாத தூரத்துக்கு மாநிலம் தாண்டிய விற்பனைபோல பில் போட வேண்டும். ஆக, ஒரு சரக்கு மாற்றத்தில் மூன்று வேலை: கடலூர் இருப்பில் கழிப்பது, புதுச்சேரி இருப்பில் கூட்டுவது, பில் எழுதுவது. மூன்றும் நடக்க வேண்டும்; அல்லது ஒன்றும் நடக்கக் கூடாது.

ஒருநாள் டபிள்யூ320 என்ற முந்திரி ரகத்தில் 40 டின், கடலூர்க் கணக்கில் குறைந்திருந்தது. புதுச்சேரிக் கணக்கில் ஏறவில்லை. சரக்கு என்னவோ குடோனிலேயே பத்திரமாக இருந்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், டின்களை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன் என்பது போல இருந்தது.

கமிட் என்றால் செய்ததை நிரந்தரமாக்குவது; ரோல்பேக் என்றால் திருப்பிவிடுவது. பரிவர்த்தனை தொடங்கத் தானியங்கு கமிட்டை, அதாவது ஒவ்வொரு கட்டளையும் தானே கமிட் ஆவதை, நிறுத்தியிருந்தேன், அதுவரை சரி. இரண்டாவது கட்டளையில் பிழை வந்தது. நான் ரோல்பேக் எழுதவில்லை. “கமிட் செய்யவில்லையே, தானாகப் போய்விடும்” என்ற எண்ணம். ஆனால் ஃபைனலி பகுதியில், நல்ல பிள்ளையாகத் தானியங்கு கமிட்டை மறுபடி இயக்கினேன். ஜேடிபிசி விதிப்படி, பரிவர்த்தனை நடுவில் அந்த அமைப்பை மாற்றினால் அதுவரை செய்தது கமிட் ஆகிவிடும். அந்த ஒரு வரி, பாதி வேலையை நிரந்தரமாக்கிவிட்டது.

இன்னொரு கண்ணி, மூன்றாம் படியில் சொன்ன டிரை வசதியிலேயே இருக்கிறது. அடைப்புக்குள் திறந்த இணைப்பு, அதே டிரையின் கேட்ச் பகுதி தொடங்கும் முன்பே மூடப்பட்டுவிடும். அங்கே போய் ரோல்பேக் செய்ய இணைப்பே இருக்காது. அதனால் உள்ளே இன்னொரு டிரை வேண்டும். வடிவம் இது:

வெளி டிரை: பூலிலிருந்து இணைப்பை வாங்கு
— தானியங்கு கமிட்டை நிறுத்து
— உள் டிரை:
—— கடலூர் இருப்பில் 40 கழி
—— புதுச்சேரி இருப்பில் 40 கூட்டு
—— பில் எழுது
—— கமிட் செய்
— உள் கேட்ச், எந்தப் பிழையானாலும்:
—— ரோல்பேக் செய். அதிலும் பிழை வந்தால் அதை முதல் பிழையோடு இணைத்து வை
—— முதல் பிழையை மேலே எறி
வெளி டிரை முடிந்ததும் இணைப்பு தானே பூலுக்குத் திரும்பும்

“எந்தப் பிழையானாலும்” என்பதைக் கவனியுங்கள். எஸ்கியூஎல்எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்தால், நடுவில் வரும் நல்பாயின்டர் பிழை ரோல்பேக்கைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும். கமிட்டும் ரோல்பேக்கும் இல்லாமல் இணைப்பை மூடினால் என்ன நடக்கும் என்பது டிரைவருக்கு டிரைவர் வேறு. அதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

பரிவர்த்தனை நடுவில் பிழை வந்தபின் தரவுத்தளங்கள் நடந்துகொள்ளும் விதமும் வேறு வேறு. போஸ்ட்கிரஸ் கண்டிப்பானது. ஒரு கட்டளை தவறினால், ரோல்பேக் செய்யும்வரை அடுத்த எல்லாக் கட்டளைக்கும் 25பி02 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதிவேட்டில் 25பி02 வரிசையாக நின்றால் அவற்றைப் பார்க்காதீர்கள். அவற்றுக்கு முன்னால் வந்த ஒரே ஒரு பிழையைத் தேடுங்கள். மைஎஸ்கியூஎல் தாராளம். அந்தத் தாராளத்தில்தான் ஆபத்து. இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்து முடங்கும் டெட்லாக் வந்தால், அதாவது 1213, பரிவர்த்தனை முழுதையும் திருப்பிவிடும். ஆனால் இன்னொருவர் பூட்டிய வரிக்காக 50 விநாடி காத்துச் சலித்து 1205 தந்தால், இயல்பான அமைப்பில் அந்தக் கட்டளையை மட்டும்தான் திருப்பும். பரிவர்த்தனை திறந்தே இருக்கும். அந்தப் பிழையை விழுங்கிவிட்டுக் கமிட் செய்தால், மறுபடியும் 40 டின் காணாமல் போகும். எது வந்தாலும் நீங்களே ரோல்பேக் செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மறுபடி முயல்வது

குறுகிய சந்தில் இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. இவர் நகர்ந்தால் அவர் நகர்வார், அவர் நகர்ந்தால் இவர். கடலூர் ஆள் புதுச்சேரிக்குச் சரக்கு அனுப்பும் அதே நொடியில், புதுச்சேரி ஆள் கடலூருக்குத் திருப்பி அனுப்புகிறார். முதலாமவர் அட்டவணையில் கடலூர் இருப்பு உள்ள வரியைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரிக்குக் காத்திருக்கிறார். இரண்டாமவர் புதுச்சேரியைப் பூட்டிவிட்டுக் கடலூருக்குக் காத்திருக்கிறார். தரவுத்தளம் இதைக் கண்டுபிடித்து ஒரு வண்டியைப் பின்னால் தள்ளிவிடும். அந்த வண்டிக்காரருக்கு மைஎஸ்கியூஎல்லில் 40001, போஸ்ட்கிரஸில் 40பி01.

முதல் மருந்து, டெட்லாக் வராமல் செய்வது: அனுப்புவது யாராக இருந்தாலும், சிறிய கிளை எண்ணின் வரியை முதலில் தொடு. வண்டிகள் ஒரே திசையில் போனால் முட்டிக்கொள்ளாது. அப்படியும் வந்தால் மறுபடி முயலுங்கள், ஆனால் நான்கு நிபந்தனையோடு.

தவறிய கட்டளையை மட்டும் அல்ல, பரிவர்த்தனை முழுதையும் முதலிலிருந்து செய்யுங்கள். இருப்பு எவ்வளவு என்று படித்ததையும் சேர்த்து. முதல் முறை படித்த எண் இப்போது பழையது. மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நடுவில் சிறிது காத்திருங்கள். 100 மில்லி விநாடி, பிறகு 200, பிறகு 400. கூடவே ஒரு சீரற்ற சிறு அளவைச் சேருங்கள். இல்லையென்றால் இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் பின்வாங்கி, ஒரே நேரத்தில் மறுபடி முட்டும். 23, 42, 28 வகைகளை ஒருபோதும் மறுபடி முயலாதீர்கள். கடவுச்சொல் தவறான நிலையில் திரும்பத் திரும்ப முயன்றால், கணக்கையே பூட்டிவிடும் அமைப்புகள் உண்டு.

இணைப்புப் பிழைக்கு மறுமுயற்சி இன்னும் நுட்பமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று பகலிலேயே எங்கள் கிளைக்கும் கடலூர் சர்வருக்கும் நடுவே இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு பில், கமிட் என்று சொன்ன நொடியில் துண்டிக்கப்பட்டது. நிரலுக்குக் கிடைத்தது 08 வகைப் பிழை. இப்போது சொல்லுங்கள்: கமிட் நடந்ததா, இல்லையா? கட்டளை போகும் வழியில் அறுந்திருந்தால் நடக்கவில்லை. விடை திரும்பும் வழியில் அறுந்திருந்தால் நடந்துவிட்டது. பிழைப் பொருளை எத்தனை முறை புரட்டினாலும் விடை கிடைக்காது. குருட்டுத்தனமாக மறுபடி முயன்றால் ஒரே பில் இரண்டு முறை விழும்.

இதற்கு ஒரே வழி முன்னேற்பாடு. பில் திரை திறக்கும்போதே நிரல் ஒரு தனித்த கோரிக்கை எண்ணை உருவாக்கி வைக்க வேண்டும். அதை பில்லோடு சேர்த்துச் சேமியுங்கள். அந்தப் புலத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள். இணைப்பு அறுந்தால், அதே கோரிக்கை எண்ணோடு மறுபடி முயலுங்கள். முதல் முறை நடக்கவில்லை என்றால் இப்போது நுழையும். நடந்திருந்தால் 1062 அல்லது 23505 வரும். மற்ற இடங்களில் தொல்லையாக இருக்கும் அந்தப் பிழை, இங்கே “கவலைப்படாதே, முன்பே விழுந்துவிட்டது” என்ற நற்செய்தி. மீறப்பட்டது கோரிக்கை எண்ணின் கட்டுப்பாடுதானா என்று பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் படியில் பெயர் வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

இதைவிட மோசமானது, பிழையே வராத நிலை. கேபிள் அறுந்தால் மறுமுனை இறந்தது இந்த முனைக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டின் ஜாவா டிரைவர்களிலும் சாக்கெட் காத்திருப்பு நேரம் (மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை) இயல்பாக 0. அதற்குப் பொருள் எல்லையே இல்லை என்பது. திரை உறைந்து நிற்கும். கேட்ச் பகுதி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது இயங்கப் பிழை என்று ஒன்று வர வேண்டுமே. இணைப்பு முகவரியிலேயே அந்த நேரத்தைக் குறிப்பிடுங்கள். தனிக் கட்டளைகளுக்கு விநாடிக் கணக்கில் எல்லை வைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். சாக்கெட் நேரம் உங்கள் மிக நீளமான அறிக்கை ஓடும் நேரத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். ஆண்டிறுதிக் கணக்கு பாதியில் அறுந்தால் ஆடிட்டரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: பிழையை மொழிபெயர்த்து மேலே அனுப்புங்கள்

பில் திரையின் கிளாஸுக்கு எஸ்கியூஎல்ஸ்டேட் என்றால் என்ன என்று தெரிய வேண்டிய தேவை இல்லை. தரவுத்தளத்தைத் தொடும் கிளாஸ்களின் வாசலில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துங்கள். 1062 அல்லது 23505 வந்தால் “ஏற்கெனவே உள்ளது” என்ற உங்கள் சொந்த எக்ஸெப்ஷன். 08 வந்தால் “சர்வர் கிடைக்கவில்லை”. 42 வந்தால் “நிரல் தவறு”. நான்கைந்து போதும். ரன்டைம்எக்ஸெப்ஷனிலிருந்து பிறக்கச் செய்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு மெத்தடும் எறிவதாக அறிவிக்க வேண்டியதில்லை. மூலப் பிழையைக் காரணமாக உள்ளே வைத்தே அனுப்புங்கள். அதைத் தொலைத்துவிட்டால், “சேமிக்க முடியவில்லை” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு இரவு முழுதும் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் அதுவே செய்கிறது. டேட்டாஅக்ஸஸ்எக்ஸெப்ஷன் என்ற தாயின் கீழ், டூப்ளிகேட்கீஎக்ஸெப்ஷன் போன்ற பிள்ளைகள் தயாராக இருக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதன் டிரான்சாக்ஷனல் குறிப்பு, இயல்பாக ரன்டைம் வகைப் பிழைகளுக்கும் எரர் வகைக்கும் மட்டுமே ரோல்பேக் செய்யும். கட்டாயம் அறிவிக்க வேண்டிய வகை எக்ஸெப்ஷனை நீங்கள் எறிந்தால், பிழை மேலே போகும், கீழே கமிட்டும் ஆகும்.

ஏழாம் படி: யாரிடம் என்ன சொல்வது

கல்லாவில் இருப்பவருக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை. “இந்த வாடிக்கையாளர் எண் ஏற்கெனவே இருக்கிறது, வேறு எண் கொடுங்கள்.” “கடலூர் சர்வருடன் தொடர்பு இல்லை. பில் சேமிக்கப்படவில்லை, சிறிது நேரம் கழித்து முயலுங்கள்.” “எதிர்பாராத தவறு. இந்த எண்ணைச் சொல்லி அழையுங்கள்: 4417.” மூன்றாவதில் வரும் எண், பதிவேட்டில் முழுப் பிழையும் இருக்கும் இடத்தின் முகவரி. பில் சேமிக்கப்பட்டதா இல்லையா என்பதை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது தெரியாததால்தான் அந்த அக்கா பொத்தானை இரண்டு முறை அழுத்தக் கற்றுக்கொண்டார்.

அட்டவணைப் பெயர், கட்டளையின் வரிகள் எதுவும் திரையில் வரக் கூடாது. வெளியாளுக்கு அது வரைபடம். பதிவேட்டிலும் கடவுச்சொல் விழாமல் பாருங்கள். இணைப்பு முகவரியை முழுதாக எழுதும்போது அது சேர்ந்தே விழும். ஒரு பிழையை ஒரே இடத்தில் மட்டும் பதியுங்கள். ஒவ்வொரு படியிலும் பதிந்து பதிந்து மேலே எறிந்தால், ஒரு தவறு ஐந்தாகத் தெரியும்.

எட்டாம் படி: வேண்டுமென்றே உடையுங்கள்

இதுவரை எழுதியது வேலை செய்கிறதா என்று புயல் வந்து சொல்ல வேண்டாம். சோதனை சர்வரில், சும்மா கிடக்கும் இணைப்புக்கான 28,800 விநாடி எல்லையை 30 விநாடி ஆக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பில் போடுங்கள். இரண்டு சாளரங்கள் திறந்து, எதிர் வரிசையில் இரண்டு வரிகளைப் பூட்டி டெட்லாக்கை உண்டாக்குங்கள். நிரல் ஓடும்போதே சர்வர் பக்கத்திலிருந்து அதன் இணைப்பைக் கொல்லுங்கள். கடைசியாக, கேபிளைப் பிடுங்குங்கள். முதல் மூன்றில் பிழை வரும். நான்காவதில்தான் உங்கள் காத்திருப்பு நேர அமைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். நான் பிடுங்கியபோது திரை பதினைந்து நிமிடம் உறைந்திருந்தது. ஐந்தாம் படியின் கடைசிப் பத்தி அப்படித்தான் எழுதப்பட்டது.

போணி பில்லுக்கு வருகிறேன். இணைப்புப் பூல் வைத்தேன். ஹிகாரிசிபி ஒரு இணைப்பை இயல்பாக 30 நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சிறிது நேரம் சும்மா இருந்த இணைப்பைக் கொடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. எட்டு மணி நேர எல்லையை எந்த இணைப்பும் எட்டவே போவதில்லை. மறுநாள் காலை ஒன்பதுக்கு நானே கடையில் போய் நின்றேன். முதல் பில் முதல் அழுத்தலிலேயே விழுந்தது.

அடுத்த மாதம் ஆடிட்டர் மறுபடி அழைத்தார். இந்த முறையும் 26 ரத்து. ஓடிப்போய்க் கேட்டேன். “பில் எல்லாம் நன்றாகத்தான் விழுகிறது தம்பி. ஆனால் ஒரு ரூபாய் பில் போட்ட நாளில் வியாபாரம் நன்றாக நடக்கிறது. நீங்கள் அதற்கென்று ஒரு தனிப் பொத்தான் வைத்துக் கொடுங்கள், கணக்கில் வராத மாதிரி” என்றார்.